ராகி உருண்டைக்கு வந்த மீன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு ராகி மாவின் மணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறி உருட்டினால் நமக்குக் களி. அதையே இன்னும் இறுக்கமாகப் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, கனத்த தூண்டில் முள்ளின் மேல் அப்பிக் காவிரியின் பாறை மடுவில் எறிந்தால் அது இரை. கடல் கடந்து விமானத்தில் வந்தவர்கள்கூட இந்த ராகி உருண்டையை நம்பித்தான், ஒகேனக்கல்லுக்கு மேலே கர்நாடகக் காட்டுக்குள், காவிரிக் கரையில் நாள் முழுவதும் காத்திருந்தார்கள். மஹசீர் என்னும் கெண்டைச் சாதி மீனுக்காக அந்தக் காத்திருப்பு. மீன் சிக்கியதும் எடை பார்த்தார்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள், திரும்பவும் ஆற்றிலேயே விட்டார்கள்.

பிடித்த மீனை ஏன் விட வேண்டும்? இந்தச் செய்தியை எங்கள் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒகேனக்கல் பஸ் நிலையத்தில் இறங்கினால் அருவியின் ஓசை காதில் விழுவதற்கு முன்பே மீன் வறுக்கும் மணம் வந்துவிடும். கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை என்று மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். சிறு வயதில் பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கிப் போனபோதெல்லாம் எனக்கு அருவியைவிட அந்த வறுவல்தான் பெரிதாகத் தெரிந்தது. அந்தத் தட்டில் இருந்த மீன்களில் பல காவிரிக்கு வெளியூர்க்காரர்கள் என்பது மிகவும் பின்னால்தான் புரிந்தது. கட்லாவும் ரோகுவும் வடக்கு நதிகளின் மீன்கள். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வளர்ப்பதற்காகக் குஞ்சுகளாக விடப்பட்டவை இவை. காவிரி தன் வெள்ளத்தாலும் பாறையாலும் வடித்தெடுத்த மீன் எங்கே என்று தேடினால், அந்தத் தேடல் மஹசீரில் போய் முடியும்.

மஹசீரின் உடலைப் பார்த்தாலே அது வாழும் இடம் தெரிந்துவிடும். உருண்டு நீண்ட தசைக்கட்டு, உள்ளங்கை அகலச் செதில்கள், தடித்த உதடு. பாறைக்குப் பாறை நீர் மோதித் திரும்பும் இடங்களில், வேகத்தை எதிர்த்து நிற்பதற்கான உடல் அது. வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் எலும்புப் பற்கள் உண்டு. நண்டு, நத்தை, கரையோர மரங்களிலிருந்து விழும் பழம், சிறு மீன் எல்லாவற்றையும் அங்கேதான் நசுக்குகிறது. இந்த மீன் வகைகளில் காவிரிக்கென்றே ஒன்று உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல உயர்ந்திருக்கும், துடுப்புகளின் ஓரம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். காவிரியையும் அதன் கிளையாறுகளையும் தவிர உலகில் வேறெந்த நதியிலும் அது இயற்கையாகக் கிடையாது. 1946-ஆம் ஆண்டு மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியாற்றில் தூண்டிலில் பிடித்த மஹசீர் 120 பவுண்டு இருந்தது. நம் கணக்கில் 54 கிலோ, ஓர் ஆளின் எடை.

பிடித்து விடுவது பற்றிய கேள்விக்கு வருவோம். விடை கடலில் தெளிவாகக் கிடைக்கிறது என்பதால், காவிரியை விட்டு அட்லாண்டிக் ஓரம் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா முனையிலும் பஹாமாஸ் தீவுகளிலும் முழங்கால் அளவே நீர் நிற்கும் பரந்த மணல்வெளிகள் உண்டு. அலை ஏறும்போது அங்கே மேய வருவது போன்ஃபிஷ். உடம்பெல்லாம் பொடி முள் என்பதால் அந்தப் பெயர். பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். வெள்ளிச் செதில்கள் கண்ணாடிபோல மணலின் நிறத்தையே திருப்பிக் காட்டுவதால் மீனைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும். தலைகீழாகச் சாய்ந்து மணலைக் கிளறி நண்டும் இறாலும் தேடும்போது வால் நுனி நீருக்கு மேலே மினுங்கும். நம் மஹசீரைப் போலவே இதுவும் இரையைத் தொண்டைப் பக்கத்தில் நசுக்கித் தின்கிற சாதி. முள் குத்திய கணமே ஆழம் நோக்கி அது ஓடுகிற ஓட்டத்தில் ரீலிலிருந்து தூண்டில் நரம்பு நூறு மீட்டர் உருவிக்கொண்டு போய்விடும். அந்த ஓட்டத்துக்காகத்தான் ஆட்கள் பணம் கட்டி வருகிறார்கள். தின்பதற்கு அங்கே எத்தனையோ நல்ல மீன் உண்டு.

ஒரு போன்ஃபிஷ் சட்டியில் விழுந்தால் ஒரு வேளைக் குழம்பு. அதே மீன் கடலில் இருந்தால் பத்து ஆண்டுக்கும் மேலாக வாழும். அதைத் தேடி வருகிறவர்களால் படகோட்டி, வழிகாட்டி, விடுதிச் சமையல்காரர் என்று ஒரு தீவே பிழைக்கும். மணல்வெளித் தூண்டிலால் பஹாமாஸுக்குக் கிடைக்கும் வருமானம் ஆண்டுக்கு 14 கோடி டாலர் என்று 2010-இல் கணக்கிட்டார்கள். ஃப்ளோரிடாவில் 2013 முதல், பிடிக்கிற போன்ஃபிஷ் ஒவ்வொன்றையும் விட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

விடுவதாலேயே மீன் பிழைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. வெகுநேரம் போராடிக் களைத்த மீனை நீருக்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தால், திரும்ப விடும்போது நேராக நீந்தவே அதற்கு முடியாது. சுறா திரிகிற இடத்தில் அப்படி விட்ட மீன்கள் சிறிது நேரத்திலேயே இரையாவதைப் பஹாமாஸில் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து சென்று பதிவு செய்திருக்கிறார்கள். ஈரக்கை, பின்னோக்கிய கொக்கி நுனி இல்லாத வழுவழுப்பான தூண்டில் முள், நீருக்குள்ளேயே கழற்றிவிடுதல், நீருக்குள் மீனின் உடம்பைத் தாங்கிப் பிடித்து மூச்சு வந்ததும் போக விடுதல் என்று ஒழுங்குகள் இந்த அனுபவத்திலிருந்து உருவானவை.

போன்ஃபிஷ் சொல்லித் தந்த பாடங்களில் இரண்டு நம் ஆற்றுக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒன்று, ஒரு மீனுக்கு ஓர் இடம் போதாது. ஆழமில்லாத மணலில் மேயும் இந்த மீன், குளிர்மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கூட்டமாகத் திரண்டு ஆழ்கடல் விளிம்புக்குப் போகிறது. இரவில் நூறு மீட்டருக்கும் கீழே இறங்கி முட்டையிடுகிறது. மேய்ச்சல் வெளியை மட்டும் காப்பாற்றி, கூடும் இடத்தை விட்டுவிட்டால் பயன் இல்லை என்பது புரிந்த பிறகு, 2015-இல் பஹாமாஸ் அரசு சில பகுதிகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. ஃப்ளோரிடாவில் போன்ஃபிஷ் குறைந்துவருவதை அறிய அரசிடம் பழைய கணக்கு எதுவும் இருக்கவில்லை, ஏனென்றால் விலைக்கு விற்காத மீனை எந்தச் சந்தையும் எண்ணுவதில்லை. பல ஆண்டுகளாக அதே நீரில் படகு தள்ளிய வழிகாட்டிகளின் நினைவையும் தூண்டில்காரர்களின் அனுபவத்தையும் கேட்டுத் தொகுத்துத்தான் ஆய்வாளர்கள் சரிவின் காலத்தையே கண்டுபிடித்தார்கள்.

இந்த இரண்டாவது பாடம் காவிரியில் அப்படியே நடந்தது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

ஆங்கிலேய அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மஹசீர் மேல் பித்தாக இருந்தவர்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய நதிகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் தனிநூலே எழுதினார். அந்தக் காலத்தில் பிடித்த மீன் கரைக்குத்தான் வரும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பொழுதுபோக்கு மங்கியது. நதியில் வெடி போடுவது பெருகியது. மடுவில் ஒரு வெடி போட்டால் பெரிய மீன், குஞ்சு, நத்தை, நண்டு எல்லாம் ஒன்றாகச் செத்து மிதக்கும். எடுப்பவர் எடுத்துக்கொண்டது போக மீதி அடியில் அழுகும். இப்படி ஒரு பத்தாண்டு நடந்தால் அந்த மடு மீண்டுவர ஒரு தலைமுறை ஆகும்.

1970-களின் இறுதியில் பிரிட்டனிலிருந்து ஒரு சிறு குழு காவிரிக்கு வந்து பெரிய மஹசீர்களைப் பிடித்துக் காட்டியதும் உலகத் தூண்டில்காரர்களின் பார்வை மறுபடியும் இந்த ஆற்றின் மேல் விழுந்தது. பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்கு சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாக்கலி ஆகிய இடங்களில் கர்நாடக அரசு நிறுவனத்தின் முகாம்கள் வந்தன. விதி ஒன்றுதான்: பிடித்ததை விட வேண்டும். முகாம்களில் வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் சேர்ந்தவர்களில், முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களும் இருந்தார்கள். எந்த மடுவில் எந்தப் பாறைக்கு அடியில் மீன் தங்கும், வெடி போடுகிறவன் எந்த வழியாக வருவான் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ராகி உருண்டையின் பக்குவமும் அவர்கள் கைவசமே இருந்தது. முள் குத்திய மீன் நீரோட்டத்தோடு இறங்கிப் பாறை இடுக்கில் நரம்பைச் சிக்க வைத்தால், பரிசலைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். நம் ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றுகிற அதே பரிசல்.

இதன் நடுவே இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்தது. கலிபோரே முகாமில் யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை எடை என்று குறித்து வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை எடுத்து ஆய்வு செய்தபோது 23,000 மணி நேரத்துக்கும் அதிகமான தூண்டில் உழைப்பும், பிடித்து விடப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட மஹசீர்களும் அதில் இருந்தன. மிகப் பெரியது 46 கிலோவைத் தாண்டியது. வேறெந்தத் துறையும் எடுக்காத கணக்கு, பொழுதுபோக்காக வந்தவர்களின் கையால் கிடைத்தது.

அந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தி மேலாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. காவல் போட்டதற்கும் பிடித்ததை விட்டதற்கும் ஆறு பதில் சொல்லியிருந்தது. இனம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் அடியில் இருந்தது வெளியே வந்தது. பெருகியவை பெரும்பாலும் நீலத்துடுப்பு மஹசீர்கள். திமிலும் ஆரஞ்சுத் துடுப்பும் கொண்ட காவிரிக்காரன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போனான். கிடைத்த ஒன்றிரண்டும் மேலும் மேலும் பெரியவையாக இருந்தன. பெரிய மீன் கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஓர் ஊரில் வயதானவர்கள் மட்டும் இருந்து பள்ளிக்கூடம் காலியாக இருந்தால் அந்த ஊரைப் பற்றி என்ன நினைப்போமோ, அதைத்தான் இங்கே நினைக்க வேண்டும். குஞ்சு பிழைத்து மேலே வரவில்லை.

நீலத்துடுப்பு எங்கிருந்து வந்தது? 1839-இல் புனே பக்கத்து முளா-முட்டா ஆற்றில், அதாவது கிருஷ்ணா நதிப் படுகையில், விவரிக்கப்பட்ட இனம் அது. மஹசீர் அழிகிறது என்ற கவலையால் 1970-களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பண்ணையில் அதைச் செயற்கையாகப் பெருக்கக் கற்றார்கள். அது பெரிய சாதனைதான். குஞ்சுகள் பல மாநில நதிகளுக்கு அனுப்பப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. விட்டவர்கள் மஹசீரைக் காப்பாற்றுகிறோம் என்றே மனதார நம்பினார்கள். எல்லா மஹசீரும் ஒன்றல்ல என்ற சிறு விவரம் தவறியது. புதிதாக வந்தது, ஏற்கெனவே அணைகளாலும் வெடிகளாலும் தளர்ந்திருந்த உள்ளூர் மீனின் இடத்தில் குடியேறிக்கொண்டது.

இதில் என்னை அதிகம் வருத்துவது, திமில் மஹசீருக்கு அப்போது அறிவியல் பெயர்கூட உறுதியாக இருக்கவில்லை என்பது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புகழ் பெற்றிருந்த மீனை எந்த இனம் என்று ஏட்டில் குறிப்பதில் குழப்பம் நீடித்தது. பெயர் இல்லாததை அழியும் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கேரளத்தின் பாம்பாற்றில், அதாவது அமராவதி வழியாகக் காவிரியில் சேரும் நீரில், கிடைத்த சிறு மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்ற இனம் முன்பே விவரிக்கப்பட்டிருந்தது. மீன் வகைப்பாட்டில் நீண்ட காலம் உழைத்த விலங்கியல் அறிஞர் கே. ரெமா தேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த திமில் மஹசீரின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வு, இரண்டும் ஒரே மீன் என்று 2018-இல் நிறுவியது. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிவரும் இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. வரிப்புலி அந்தப் பட்டியலில் இதைவிட ஒரு படி பாதுகாப்பான நிலையில் இருக்கிறது.

ஆனால் 2018-க்கு முன்பே தூண்டில் நின்றுவிட்டது. முகாம்கள் இருந்தது காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள். சரணாலயத்தில் தூண்டில் போடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையாகவே கருதப்படும் என்ற விளக்கத்தால், 2012-க்குள் அந்த மீன்பிடிப்பு முடிவுக்கு வந்தது. சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. முள் குத்தினால் மீனுக்கு வலி இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முகாம்களின் பணம் யார் யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்பதும் நியாயமே. ஆனால் தூண்டிலோடு சேர்ந்து, ஆள் நடமாட்டத்தால் கிடைத்த காவலும் அந்த நோட்டுப் புத்தகமும் ஆற்றங்கரையிலிருந்து போய்விட்டன. தூண்டிலை நிறுத்துவது ஒரு முடிவு. கணக்கையும் காவலையும் வேறு வழியில் தொடர்வது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாக எடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இது கர்நாடகத்தின் விஷயம் என்று நாம் ஒதுங்க முடியாது. அந்த ஆறு இறங்கி வருவது நம் எல்லைக்குத்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. முதலை, நீர்நாய், மென்னோட்டு ஆமை எல்லாம் வாழும் கரை இது. எதிர்க்கரையிலும் சரணாலயம் இருப்பதால், காகிதத்தில் பார்த்தால் மஹசீருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நீரில் பார்த்தால் வேறு கதை. கீழே 1934-இல் முடிந்த மேட்டூர் அணை நிற்கிறது. மேலே கண்ணம்பாடியும் கபினியும் நிற்கின்றன. வெள்ளத்தின் குளிர்ச்சியும் வேகமும் வந்ததும் கூழாங்கல் படுகை தேடி ஏறுவது மஹசீர் சாதியின் இயல்பு. எப்போது வெள்ளம் வரும் என்பதை இப்போது மழை மட்டும் முடிவு செய்வதில்லை, மதகும் சேர்ந்தே முடிவு செய்கிறது. முட்டை கிடக்கும் ஓரப்பகுதி ஒரே வாரத்தில் மூழ்கவும் செய்யும், காயவும் செய்யும். பெங்களூரின் கழிவை விருஷபாவதி வழியாக வாங்கிவரும் அர்க்காவதி, சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. தென்பெண்ணை வேறு ஆறு என்றாலும், கெலவரப்பள்ளி அணையில் வெள்ளையாகப் பொங்கும் நுரையைப் பார்த்த ஓசூர்க்காரர்களுக்கு நகரத்தின் கழிவு ஆற்றை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மேகதாதுவில் சுமார் 67 டி.எம்.சி. கொள்ளளவில் கர்நாடகம் கட்ட நினைக்கும் அணை பற்றி இரு மாநிலங்களும் தண்ணீர்க் கணக்கில்தான் வாதாடுகின்றன. அது தேக்கும் நீர், பெரிய மஹசீர்களுக்குப் பேர்போன பாறை மடுக்களை அசையாத ஏரியாக்கும். அசையாத நீரில் ஜிலேபி வாழும், கட்லா கொழுக்கும். ஓடும் நீரின் ஆக்சிஜனை நம்பிய மீனுக்கு அங்கே வேலை இல்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதலாவது, எந்த நல்ல நோக்கத்துக்காகவும் வேறு நதியின் மஹசீர்க் குஞ்சுகளை இந்த ஆற்றில் விடக் கூடாது. விழா எடுத்து, அண்டாவிலிருந்து குஞ்சுகளைக் கவிழ்க்கும் படம் பத்திரிகையில் அழகாகத்தான் இருக்கும். அண்டாவில் எந்த இனம் என்று கேட்க ஒருவராவது அங்கே வேண்டும். அடுத்தது கணக்கு. பிலிகுண்டுலுவில் நொடிக்கு எத்தனை கனஅடி வருகிறது என்று நாள்தோறும் அளக்கிறார்கள், நாமும் காலைச் செய்தியில் அதைத் தேடிப் படிக்கிறோம். மீனுக்கும் ஒரு பதிவேடு வேண்டும், அதை எழுதத் தகுந்தவர்கள் ஒகேனக்கல்லிலேயே இருக்கிறார்கள். வலையில் மஹசீர் தவறி விழும்போது துடுப்பு ஆரஞ்சா, நீலமா, முதுகில் திமில் உண்டா, என்ன நீளம் என்று பார்த்துச் சொல்ல ஒரு பரிசல்காரருக்கு அரை நிமிடம் ஆகும். குறித்துவிட்டு உயிரோடு விடுகிற மீனுக்கு, சந்தை விலையையும் கொஞ்சம் கூடுதலையும் வனத்துறையோ மீன்வளத்துறையோ அவருக்குத் தர வேண்டும். பஹாமாஸில் உயிருள்ள மீனுக்கு விலை வைத்தவர்கள் வெளிநாட்டுப் பயணிகள். இங்கே அதை நாமே வைக்கலாம். ஆரஞ்சுத் துடுப்போடு கையளவுக் குஞ்சு ஒன்று அந்தப் பதிவேட்டில் ஏறுமானால், இந்த ஆற்றில் அது இன்னும் முட்டையிட்டுப் பிழைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.